டெல்டா வெயிலில் கெஃபிர்: வீட்டில் செய்யும் முறையும் எதிர்பார்க்கக் கூடிய பலனும்

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய நாத்தனார் பெங்களூரிலிருந்து வரும்போது ஒரு சின்ன டப்பாவில் கெஃபிர் என்ற புளித்த பால் பானம் செய்யும் மணிகளைக் கொண்டுவந்து கொடுத்து, பாலில் போட்டு 24 மணி நேரம் வைக்கச் சொல்லியிருக்கிறார். அப்படியே செய்தால் பால் திரிந்து தண்ணீர் கீழே, கட்டி மேலே என்று பிரிந்துவிடுகிறது; புளிப்பு வாயில் வைக்க முடியவில்லை. மாமியாருக்குச் சர்க்கரை உண்டு, பால் குடித்தால் வயிறு உப்பிக்கொள்ளும். அவருக்கு இதைக் கொடுக்கலாமா, நம் தயிரை விட இது உண்மையிலேயே உசத்தியா, செய்முறையில் எங்கே பிசகுகிறது என்பவைதான் அவருடைய கேள்விகள். நான் உணவு நுண்ணுயிரியல் படித்தவள், மயிலாடுதுறையில் வீட்டில் கெஃபிர் வளர்த்து வருகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் செய்முறை. உங்கள் கையில் பிசகு எதுவும் இல்லை. அந்த 24 மணி நேரம் என்பது குளிர்ப் பிரதேசத்துக் கணக்கு. கெஃபிர் பிறந்தது காகசஸ் மலையின் வடபகுதியில். கராச்சாய், பால்கர், ஒசேத்தியர் போன்ற மலைவாழ் மக்கள் ஆட்டுத்தோல் பையில் பாலை ஊற்றிப் புளிக்கவைத்தார்கள். பையை வாசல் பக்கம் தொங்கவிட்டு, போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவது வழக்கமாம். பால் நன்றாகக் கலந்து புளிக்க அது உதவியது. கெஃபிருக்குப் பிடித்த வெப்பம் 20 முதல் 25 டிகிரி. அந்த அளவில் 18 முதல் 24 மணி நேரம் பிடிக்கும். பெங்களூரில் பல மாதங்களுக்கு அந்தக் கணக்கு சரியாக வரும். மன்னார்குடியில் சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 37, 38 டிகிரிக்குப் போகிறது, இரவிலும் சமையலறை ஆறுவதில்லை. இங்கே அதே பாலை ஒரு நாள் முழுக்க வைத்தால் அது கெஃபிர் நிலையைத் தாண்டி வெகுதூரம் போய்விடும்.

ஏன் என்று தெரிந்துகொண்டால் பிறகு நீங்களே சமாளித்துக்கொள்வீர்கள். அந்த மணிகளில் தானியம் எதுவும் இல்லை. காலிஃபிளவர் பூவைச் சின்னச் சின்னதாக உதிர்த்தது போல, வெள்ளையாக, விரலால் அழுத்தினால் ரப்பர் மாதிரி மீள்கிறதே, அது பாக்டீரியாவும் ஈஸ்டும் சேர்ந்து வாழ்கிற ஒரு குடியிருப்பு. அதைக் கட்டிக்காப்பது கெஃபிரான் என்ற பசைப்பொருள். குளுக்கோஸும் காலக்டோஸும் சேர்ந்த ஒரு கூட்டுச் சர்க்கரை. அதைச் சுரப்பதே அங்கே இருக்கும் லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு வகைதான். லாக்டிக் பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையைப் புளிப்பாக்குகின்றன. ஈஸ்ட் கொஞ்சம் கரியமில வாயுவையும் துளி ஆல்கஹாலையும் உண்டாக்குகிறது. கெஃபிர் நாக்கில் லேசாகச் சுருக்கென்று இருப்பது அந்த வாயுவால்தான். 30 டிகிரிக்கு மேலே போனால் இந்தக் கூட்டத்தின் சமநிலை குலைகிறது. புளிப்பு வேகமாக ஏறுகிறது, பால்புரதம் இறுகிச் சுருங்கித் தண்ணீரைக் கக்குகிறது. தினமும் இப்படி நடந்தால், உணவு தீர்ந்த புளித்தண்ணீரில் பல மணி நேரம் கிடக்கிற மணிகள் மெலிந்து, கொழகொழவென்று ஆகிப் பெருகாமல் நின்றுவிடும்.

ஆகவே நம் ஊரில் கைக்குள் வைத்துக்கொள்ள வேண்டியவை மூன்று: மணியின் அளவு, நேரம், குளிர்ச்சி.

வெயில் மாதங்களில் ஒரு தேக்கரண்டி மணிக்கு 300 முதல் 400 மில்லி பால் வையுங்கள். மணி கூடக்கூட வேகமும் கூடும் என்பதால், பெருகியவற்றை எடுத்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுவது நல்லது. இரவு ஒன்பது மணிக்குப் பாலை ஊற்றி வைத்தால் விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கே பார்க்க வேண்டியிருக்கும். கடிகாரத்தை விடக் கண்ணை நம்புங்கள். பாட்டிலை மெல்லச் சாயுங்கள். பால் தண்ணீராக ஓடாமல், கண்ணாடியை விட்டு ஒரே வழுக்கலாக நகர்ந்தால் ஆகிவிட்டது. அடியில் அல்லது மணிகளை ஒட்டி, மங்கலான மஞ்சள் தெளிவு ஒரு கீற்றாகத் தெரியத் தொடங்கும் நேரம் சரியான நேரம். அந்தக் கீற்று ஒரு விரல்கடை உயரம் ஆகிவிட்டால் கொஞ்சம் தாமதம். அப்போதும் கெட்டுப்போகவில்லை, புளிப்பு மட்டும் கூடியிருக்கும், நன்றாகக் கலக்கிக் குடிக்கலாம்.

குளிர்ச்சிக்கு என்ன செய்வது? ஏசி அறை இருந்தால் அங்கே வைத்துவிடலாம், பெரும்பாலான சமையலறைகளில் அது கிடையாது. ஒரு அகலமான மண்சட்டியில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி அதற்குள் கண்ணாடிப் பாட்டிலை நிறுத்துங்கள். பாட்டிலைச் சுற்றி ஒரு ஈரத் துணியைக் கட்டி, துணியின் நுனி சட்டித் தண்ணீரில் தொடும்படி விடுங்கள். காற்றோட்டமுள்ள இடமாக இருந்தால் உள்ளே இருக்கும் பால் அறையை விடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும். தஞ்சாவூர், மன்னார்குடி போன்ற உள்பகுதிகளில் இது நன்றாகப் பலிக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடல்காற்றில் ஈரம் அதிகம் என்பதால் துணி சீக்கிரம் உலராது, அவ்வளவு பலன் இருக்காது. அங்கே இருப்பவர்கள் வேறு வழியில் போகலாம்: நாலைந்து மணி நேரம் வெளியே வைத்து, பால் லேசாகக் கெட்டிப்படத் தொடங்கியதும் மணியோடு பிரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் வடிகட்டுங்கள். மீதிப் புளிப்பு குளிரில் நிதானமாக ஏறும். எனக்குப் பிடித்த ருசி இதில்தான் வருகிறது. சட்டித் தண்ணீரால் இன்னொரு லாபமும் உண்டு, எறும்பு வராது. கெஃபிர் வாசனைக்குப் பழ ஈக்களும் தேடி வரும், அதனால் வாயில் நெருக்கமாக நெய்த துணியைக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். மூடியை இறுக்கிப் பூட்ட வேண்டாம், வாயு சேர்ந்து அழுத்தம் ஏறும்.

மார்கழி, தை மாதங்களில் கதை தலைகீழ். இரவில் 21, 22 டிகிரிக்கு இறங்குகிற ஊர்களில் ஒரு மேசைக்கரண்டி மணிக்கு 300 மில்லி பால் வைத்து 16 முதல் 20 மணி நேரம் விட்டாலும் அழகாக வரும். கெஃபிர் வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் மாதம் அதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு பிடித்துக்கொள்ளலாம்.

பால் விஷயம். கறந்த பாலாக இருந்தால் கட்டாயம் காய்ச்சி, முழுக்க ஆறவைத்து, ஆடையை எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். பச்சைப் பாலில் காசநோய், புருசெல்லோசிஸ் கிருமிகள் இருக்கக் கூடும். கெஃபிரின் புளிப்பு அவற்றை ஒழித்துவிடும் என்று நம்பக் கூடாது. தயிருக்கு உறை ஊற்றும்போது விரல் பொறுக்கும் சூடு இருந்தால் நல்லது. கெஃபிருக்கு அந்த வெதுவெதுப்பும் கூடாது, அறை வெப்பத்துக்கு ஆறியிருக்க வேண்டும். தயிர் உறைய வைத்தே பழகிய கை இங்கேதான் தடம் மாறும். பாக்கெட் பாலும் சரிதான். 3 சதவீதக் கொழுப்புள்ள பாலில் மெல்லிய கெஃபிரும், 4.5 சதவீதத்தில் கொஞ்சம் கெட்டியாகவும் வரும். எருமைப்பாலில் இன்னும் கெட்டி. ஒன்று கவனியுங்கள். மாட்டுக்கு மடிநோய் வந்து ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தால், அந்த மருந்து சில நாட்களுக்குப் பாலில் இறங்கும். அந்தப் பாலில் உறை ஊற்றினால் தயிரே சரியாகத் தோயாது, மணியைப் போட்டால் அதில் உள்ள பாக்டீரியாக்கள் அடிபடும். பால்காரரிடம் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். பால் கெடாமலிருக்க யாராவது சோடா மாவு கலந்திருந்தாலும் புளிப்பு ஏறத் திணறும்.

பாத்திரம் கண்ணாடியோ பீங்கானோ இருக்கட்டும். வெண்கலம், பித்தளை, செம்பு, அலுமினியம் எதுவும் வேண்டாம், புளிப்பு உலோகத்தை அரிக்கும். எவர்சில்வர் வடிகட்டியில் வடிப்பதால் கேடு ஒன்றும் இல்லை. சில நிமிடம் படுவதில் மணிக்கு எதுவும் ஆகாது. வடிக்கும்போது மணியை அழுத்திப் பிழியாதீர்கள், மரக்கரண்டியால் மெல்லக் கிளறிவிட்டால் கெஃபிர் தானாக இறங்கும். மணிகளை ஒவ்வொரு முறையும் கழுவும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அது தேவையே இல்லை. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவுவதை விடக் கழுவாமல் அடுத்த பாலில் போடுவது மேல்.

வடித்த கெஃபிரை உடனே குடிக்கலாம். பிரிட்ஜில் ஒரு நாள் வைத்தால் ருசி இன்னும் அடங்கி வரும். பாட்டிலில் கால் பங்கு காலியாக விடுங்கள். எப்படிக் குடிப்பது? நீர்மோருக்குப் போடுகிற இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, உப்பு எல்லாம் இதற்கும் பொருந்தும். தண்ணீர் மட்டும் மோரை விடக் குறைவாக. பூவன் பழத்தைப் பிசைந்து கலந்தால் குழந்தைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். மீந்ததை மோர்க்குழம்பில் ஊற்றலாம், ருசியாகத்தான் இருக்கும். ஆனால் கொதித்தால் உயிருள்ள கிருமிகள் செத்துவிடும், அப்போது அது சாதாரணப் புளித்த பாலுக்குச் சமம்.

இனி பலன். இதைப் பற்றிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் கெஃபிரை அமிர்தமாக்கிவிடுகிறார்கள். புற்றுநோய் போகும், மூட்டுவலி போகும், முடி வளரும் என்று பட்டியல் நீள்கிறது. அதை நம்பி மருந்தைக் கைவிட்டவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. உண்மையாகத் தெரிந்த அளவில் கெஃபிர் ஒரு நல்ல உணவு, அது போதாதா?

நன்றாகத் தெரிந்த பலன், பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கிடைப்பது. 2003-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், பாலின் சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காத 15 பேரிடம் இதைச் சோதித்தார்கள். பாலுக்குப் பதில் கெஃபிர் குடித்தபோது வாயுத் தொல்லை பாதிக்கும் மேல் குறைந்தது. அதே ஆய்வில் சாதாரண யோகர்ட்டும் கிட்டத்தட்ட அதே பலனைத் தந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாலில் இருந்த லாக்டோஸில் ஒரு பகுதியைக் கிருமிகள் முன்பே தின்றுவிடுகின்றன. மீதியைச் செரிக்கும் நொதியையும் தங்களோடு கொண்டுவருகின்றன. உங்கள் மாமியாரின் உப்புசத்துக்கு இதில் நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அடுத்தது குடலில் வாழும் நுண்ணுயிர்களின் வகைப்பெருக்கம். 2021-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 36 ஆரோக்கியமான பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில், யோகர்ட், கெஃபிர், கிம்ச்சி போன்ற புளித்த உணவுகளை 10 வாரம் நிறையச் சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் கூடின, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் பல புரதங்கள் குறைந்தன. பல புளித்த உணவுகள் சேர்ந்து தந்த பலன் அது; கெஃபிருக்கு மட்டும் முழு மதிப்பெண் போட முடியாது.

பலன் தெரியாத இடங்களும் உண்டு. கொழுப்பைக் குறைக்கும் என்பார்கள். 2002-இல் கனடாவில், கொழுப்பு ஓரளவு கூடியிருந்த ஆண்களிடம் பார்த்தபோது மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஆன்டிபயாடிக் சாப்பிடும் குழந்தைக்குக் கெஃபிர் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வராது என்பார்கள். 2009-இல் அமெரிக்காவில் 125 சிறு குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் அதற்கும் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை. கெஃபிரைப் பேசும்போது மெச்னிகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானியின் பெயரையும் இழுப்பார்கள். புளித்த பால் ஆயுளைக் கூட்டும் என்று அவர் நம்பியது உண்மை. ஆனால் 1908-இல் நோபல் பரிசு கிடைத்தது நோய் எதிர்ப்பு சக்தி பற்றிய ஆய்வுக்கு.

தயிரை விட உசத்தியா என்று கேட்டீர்கள். கிருமிகளின் வகையில் கெஃபிர்தான் பெரிய கூட்டம், தயிரில் பொதுவாக இல்லாத ஈஸ்ட்களும் இதில் சேர்ந்திருக்கின்றன. கால்சியமும் பி12-உம் பெரும்பாலும் பாலிலேயே இருந்தவை, இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. தினமும் வீட்டில் உறை ஊற்றிய தயிரும், காலையில் நீராகாரமும் பழைய சோறும் சாப்பிடுகிற குடும்பத்துக்குக் கெஃபிர் கூடுதல் வரவுதான். அதற்காகப் பழைய சோற்றை நிறுத்தாதீர்கள். காலையில் காபி, பிஸ்கட்டோடு ஓடுகிற வீட்டுக்கு இது பெரிய வரவு.

மாமியாருக்குக் கொடுக்கலாம், கவனத்தோடு. 200 மில்லி பாலில் சுமார் 9 கிராம் சர்க்கரை இருக்கிறது. கெஃபிராகும்போது அதில் ஒரு பங்குதான் குறையும், மீதி அப்படியே உள்ளே இருக்கும். ஆகவே பாலுக்குப் பதிலாகக் கணக்கில் வையுங்கள், பாலோடு கூடுதலாக வேண்டாம். வெல்லம், தேன், பழம் எதுவும் சேர்க்காமல் உப்பு போட்டே கொடுங்கள். ஈரானில் 2015-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், கெஃபிர் குடித்த சர்க்கரை நோயாளிகளுக்கு இரத்தச் சர்க்கரை ஓரளவு குறைந்திருந்தது. நல்ல செய்திதான், ஆனால் அதை வைத்து மாத்திரையைக் குறைக்கக் கூடாது. முதல் வாரம் 50 மில்லி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. வயிறு ஏற்றுக்கொண்டால் அடுத்த வாரம் 100. அதற்கு மேல் 150, 200 என்று நிதானமாகப் போகலாம். தொடக்கத்தில் சிலருக்கு வாயு கூடும், நாலைந்து நாளில் அடங்கும். அடங்காவிட்டால் நிறுத்திவிடுங்கள். சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருந்தால் பொட்டாசியம், பாஸ்பரஸ் கணக்கு இருக்கிறது. மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

இன்னும் சிலருக்கு இது ஆகாது. கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் உயிருள்ள ஈஸ்டையும் பாக்டீரியாவையும் வீட்டில் வளர்த்துக் குடிக்கக் கூடாது. பால் புரத அலர்ஜி உள்ளவர்களுக்கும் கூடாது, லாக்டோஸ் செரியாமை வேறு, இது வேறு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வேண்டாம். வீட்டுக் கெஃபிரில் பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் குறைவாக ஆல்கஹால் இருக்கும். வெயிலில் அதிக நேரம் வைத்தால் அது கூடலாம். மெட்ரோனிடசோல் மாத்திரை சாப்பிடும் நாட்களில் ஆல்கஹாலைத் தவிர்க்கச் சொல்வார்கள், அப்போது கெஃபிரையும் நிறுத்தி வையுங்கள். கர்ப்பிணிகளும், மதத்தாலோ மனதாலோ ஒரு துளி மதுவும் வேண்டாம் என்பவர்களும் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்வது நியாயம்.

கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் பூசணமோ படலமோ தெரிந்தால் மணியோடு சேர்த்துக் கொட்டிவிடுங்கள். மேலாக எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றலாம் என்று நினைக்காதீர்கள். மேலே மெல்லிய வெள்ளைப் படலம் மட்டும் என்றால் அது பெரும்பாலும் ஈஸ்ட், கரண்டியால் எடுத்துவிடலாம். அழுகல் நாற்றம் வேறு, புளிப்போடு வரும் லேசான ஈஸ்ட் வாடை வேறு. சில நாளில் மூக்கு பழகிவிடும். இப்போது உங்களிடம் இருக்கும் மணி வெயிலில் மெலிந்திருக்கலாம். ஒரு வாரம் கொஞ்சம் பாலில், ஆறேழு மணி நேரத்துக்கு ஒரு முறை புதுப்பால் மாற்றி, முடிந்தவரை குளிர்ச்சியான இடத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் தேறிவிடும்.

ஊருக்குப் போகிறீர்கள் என்றால் மணியைப் புதுப்பாலில் போட்டு மூடி பிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் உலர்த்துவதுதான் வழி, நம் பகுதிக்கு அது மிக அவசியமும்கூட. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டாவில் எத்தனை ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன! அப்படி ஒரு நேரத்தில் பிரிட்ஜையும் நம்ப முடியாது, பாலும் கிடைக்காது. ஆகவே மணி பெருகி நல்ல நிலையில் இருக்கும்போதே ஒரு பங்கை எடுத்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் ஒரு முறை அலசி, வெள்ளைத் துணியில் பரப்பி, நிழலில் மின்விசிறிக் காற்றில் காயவையுங்கள். வெயிலில் வேண்டாம். உள்ளே ஈரம் இல்லாமல் கடினமாகி, மஞ்சள் நிறமானதும் பால் பவுடரில் புரட்டிக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிட்டால் சில மாதங்கள் இருக்கும். திரும்ப எடுக்கும்போது அரை டம்ளர் ஆறிய பாலில் போட்டுத் தினமும் பாலை மாற்றுங்கள். முதல் சில நாள் வருவதைக் குடிக்காமல் தண்ணீர் கலந்து தென்னைக்கு ஊற்றிவிடுங்கள். பால் ஒழுங்காகத் தோய்ந்து வாசனையும் சரியானதும் மறுபடி குடிக்கத் தொடங்கலாம்.